கடல்கட்டியும் கணக்குப்பிள்ளையும்

கடல்கட்டி என்று ஒரு உத்தியோகம் இருந்தது. சும்மா இல்லை, அரசாங்கச் சம்பளத்தோடு! மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடக்கிற நாட்களில், ஆட்கள் தண்ணீரில் இறங்குவதற்கு முன்னால் மந்திரம் சொல்லி சுறாக்களின் வாயைக் கட்டுவதுதான் அவருடைய வேலை. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் நம்ம பக்கம் வந்துபோன மார்க்கோ போலோவே இவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். எடுக்கிற முத்தில் பத்தில் ஒரு பங்கு ராஜாவுக்கு, இருபதில் ஒரு பங்கு மீனைக் கட்டுகிற இவர்களுக்கு. இதில் இன்னொரு விசேஷம், ராத்திரி ஆனதும் கட்டை அவிழ்த்து விட்டுவிடுவார்களாம். இல்லாவிட்டால் யாராவது திருட்டுத்தனமாக இறங்கி முத்தெடுத்துவிடுவார்களே! பாஸ்வேர்டு என்கிற விஷயத்தை நம்ம ஆட்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள் :-)

19ஆம் நூற்றாண்டில் இலங்கையை ஆண்ட வெள்ளைக்காரர்களும் கடல்கட்டிக்குச் சம்பளம் கொடுத்தார்கள். மந்திரத்தில் அவர்களுக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் கடல்கட்டி வந்து நிற்காவிட்டால் ஒருத்தரும் கடலில் குதிக்கமாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்கள் சம்பளம் கொடுத்தது மந்திரத்துக்கு அல்ல, நம்பிக்கைக்கு.

அதே படகில் இன்னொருவரும் இருப்பார். கயிறு பிடிக்கிறவர். குளிப்பவர் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குவார், ஒரு நிமிடம் போல மூச்சைப் பிடித்துக்கொண்டு சிப்பியைப் பொறுக்குவார், கயிற்றை இழுத்தால் மேலே இருப்பவர் தூக்கிவிட வேண்டும். அந்தக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள் என்று நம் கடற்கரை ஊர்களில் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். கூடப் பிறந்தவள் தாலிக்கு ஆபத்து வர எந்த மச்சான் விடுவான்? காரணம் அவ்வளவுதான்.

ஆக, தண்ணீருக்குள் போகிற ஒருவனுக்கு இரண்டு வகை நம்பிக்கை. ஒன்று, எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமலே நம்புவது. இன்னொன்று, ஏன் நம்புகிறோம் என்று தெரிந்து நம்புவது. இன்றைக்கு ஆக்ஸிஜன் சிலிண்டர் என்று (தப்பாகத்தான், உள்ளே இருப்பது சாதாரணக் காற்று) நாம் சொல்கிற சாமானை முதுகில் மாட்டிக்கொண்டு கடலுக்குள் போகிறவர்கள் மணிக்கட்டில் ஒரு சின்னக் கம்ப்யூட்டரைக் கட்டிக்கொள்கிறார்கள். அது கடல்கட்டியா, மச்சானா என்பதுதான் இந்தப் பதிவின் விஷயம். என்னைக் கேட்டால் அது இரண்டும் இல்லை, அது ஒரு கணக்குப்பிள்ளை. எப்படி என்று பார்ப்போம்.

கோவளத்தில் ஒரு நாள்

எனக்குத் திருவனந்தபுரம். சாலைக் கடைத்தெருவுக்குப் பக்கத்தில் வளர்ந்த தமிழ்க் குடும்பம். சின்ன வயதில் விழிஞ்ஞம், கோவளம் பக்கம் போனால், பாறைகளை ஒட்டி முங்கிச் சிப்பி எடுக்கிறவர்களைப் பார்க்கலாம். வடக்கே கல்லும்மக்காய் என்பார்கள், எங்கள் ஊரில் வெறும் சிப்பிதான். கண்ணாடி ஒன்று, வலைப்பை ஒன்று, பாறையிலிருந்து பெயர்த்தெடுக்க ஒரு இரும்பு. மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்குகிறவர்கள். வேறு கருவி கிடையாது.

அதே கோவளத்தில் இப்போது ஸ்கூபா சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்தமானுக்கும் திருகோணமலைக்கும் போய்க் கற்றுக்கொள்கிற நம் பிள்ளைகளும் நிறைய. நான் இருக்கிற பெர்த்தில் வாரக்கடைசி வந்தால் பாதி ஆபீஸ் தண்ணீருக்குள்தான் இருக்கும். நானும் சில வருடங்களாக அந்தக் கூட்டத்தில் ஒருத்தன். சாப்ட்வேரைச் சோதித்துப் பார்ப்பது என் பிழைப்பு என்பதால், மணிக்கட்டில் கட்டுகிற சாப்ட்வேர் மேல் கொஞ்சம் அதிகமாகவே கண் போகும்.

துபாயில் இருக்கிற அக்கா மகன் போன வருடம் போன் செய்தான். டிசம்பர் லீவில் ஊருக்குப் போகிறானாம். ஊரில் இருக்கிற கடைசி நாள் காலையில் கோவளத்தில் இரண்டு டைவ், சாயங்காலம் பிளைட்.

"டேய், டைவ் அடிச்சிட்டு அன்னிக்கே பிளைட் ஏறக்கூடாது, தெரியும்ல?"

"அதெல்லாம் வாட்ச் சொல்லிடும் மாமா. ஏறலாம்னா ஏறலாம், கூடாதுன்னா கூடாதுன்னு படமே போடும்."

"அது எதை வச்சுச் சொல்லுது?"

"அது எனக்கெதுக்கு மாமா? அவங்க டெஸ்ட் பண்ணித்தானே வித்திருப்பாங்க."

பையன் முட்டாள் இல்லை. கார் எஞ்சின் எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொண்டா நாம் எல்லோரும் கார் ஓட்டுகிறோம்? ஆனால் இந்தக் கருவியின் கதை கொஞ்சம் வேறு. அதை யார் எப்போது எதை வைத்துச் சோதித்தார்கள் என்று தெரிந்துகொண்டால், எந்த இடத்தில் நம்பலாம், எந்த இடத்தில் நம்பக்கூடாது என்று தானாகவே விளங்கிவிடும்.

கோலி சோடா

முதலில் பிரச்சினை என்ன என்று பார்த்துவிடலாம். நாம் சுவாசிக்கிற காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். தரையில் அது வரும், போகும், நமக்கு ஒன்றும் செய்யாது. தண்ணீரில் பத்து மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரண்டு மடங்கு. இருபது மீட்டரில் மூன்று மடங்கு. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும்போது நைட்ரஜன் ரத்தத்திலும் கொழுப்பிலும் நரம்பிலும் கரைந்து ஏறிக்கொண்டே இருக்கும். மெதுவாக மேலே வந்தால் அது வந்த வழியே நுரையீரல் மூலம் வெளியே போய்விடும். அவசரமாக வந்தால்? கோலி சோடாவின் குண்டை அமுக்கினால் என்ன நடக்கும்? அதேதான். உடம்புக்குள் குமிழி. மூட்டுவலியில் ஆரம்பித்து, தண்டுவடத்தில் போய் அடைத்தால் கால் விளங்காமல் போவது வரைக்கும் போகும். இதற்குப் பெயர் பெண்ட்ஸ்.

1670இல் ராபர்ட் பாயில் ஒரு விரியன் பாம்பைக் கண்ணாடிக் குடுவைக்குள் வைத்துக் காற்றை உறிஞ்சி எடுத்தபோது, அதன் கண்ணுக்குள் ஒரு குமிழி அங்குமிங்கும் நகர்வதைப் பார்த்தார். அது என்ன என்பது விளங்க இருநூறு வருடம் ஆயிற்று. நியூயார்க்கில் புரூக்ளின் பாலத்துக்கு ஆற்றின் அடியில் அழுத்தக் காற்று அறைகளுக்குள் கடைக்கால் தோண்டிய தொழிலாளர்கள் மேலே வந்ததும் வலியில் சுருண்டு விழுந்தார்கள். தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங்கே 1872இல் படுக்கையில் விழுந்தார். 1883இல் பாலம் திறக்கும் வரை மிச்ச வேலையை மனைவி எமிலி மூலமாகத்தான் நடத்தினார். 1878இல் பிரெஞ்சுக்காரர் பால் பெர்ட் இதற்கெல்லாம் காரணம் நைட்ரஜன் குமிழிதான் என்று எழுதினார்.

மன்னாரில் ஆயிரக்கணக்கான வருடம் முத்துக் குளித்தவர்களுக்கு இந்த நோய் ஒரு பெரிய பிரச்சினையாக இருந்ததாகத் தெரியவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு போகிறவனுக்கு நெஞ்சுக்குள் இருக்கிற ஒரு மூச்சுக் காற்றுதான் கணக்கு. கீழே போய் மேற்கொண்டு காற்றைச் சுவாசிக்கிறவனுக்குத்தான் கணக்கு ஏறும். இங்கே மேற்கு ஆஸ்திரேலியாவின் புரூம் ஊரில் முத்துச்சிப்பி எடுக்க ஹெல்மெட்டும் குழாயும் மாட்டி இறங்கியவர்கள் பெரும்பாலும் ஜப்பானியர்கள். அங்கே அவர்களுக்கென்றே இருக்கிற கல்லறைத் தோட்டத்தில் 900 பேருக்கு மேல் உறங்குகிறார்கள். புயலில் போனவர்களும் உண்டு, பெண்ட்ஸில் போனவர்களும் நிறைய. அவர்களிடம் கடியாரம் இருந்திருக்கும், கணக்கு இல்லை.

ஆடுகள் சொன்ன கணக்கு

கணக்கைக் கொண்டுவந்தவர் ஜான் ஸ்காட் ஹால்டேன். பிரிட்டிஷ் கடற்படை கேட்டுக்கொண்டதால், லண்டனில் ஒரு பெரிய இரும்பு அறைக்குள் ஆடுகளை அடைத்து அழுத்தத்தை ஏற்றி இறக்கிப் பார்த்தார். ஆமாம், வெள்ளாடுதான். பெண்ட்ஸ் வந்தால் ஆடு முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும், அதுதான் அறிகுறி. 1908இல் வெளியான அந்தக் கட்டுரையில் இருந்து இன்றைக்குப் பையன் கையில் இருக்கிற வாட்ச் வரை ஒரே நேர்கோடு.

ஹால்டேன் என்ன செய்தார்? உடம்பை ஐந்து தொட்டிகளாக நினைத்துக்கொண்டார். ஒரு தொட்டி சீக்கிரம் நிறையும், சீக்கிரம் வடியும். இன்னொன்று மெதுவாக நிறையும், மெதுவாக வடியும். வேகமான தொட்டி பாதி நிறைய 5 நிமிடம், மிக மெதுவானதற்கு 75 நிமிடம். எந்தத் தொட்டியிலும் அழுத்தம் வெளியே இருப்பதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போகாமல் மேலே வந்தால் ஆடு நொண்டாது. இவ்வளவுதான் சூத்திரம். இதை வைத்து அட்டவணை போட்டார், கடற்படை அதை எடுத்துக்கொண்டது, சாவு குறைந்தது.

கவனியுங்கள். அந்தத் தொட்டிகள் ஈரல், மூளை, முழங்கால் என்று உண்மையான உறுப்புகள் இல்லை. கணக்கு ஒத்துவருவதற்காகக் கற்பனை செய்துகொண்ட தொட்டிகள். ஹால்டேனுக்கு அது தெரியும். அவர் கண்டுபிடித்தது உடம்பு எப்படி வேலை செய்கிறது என்பதை அல்ல, எவ்வளவு வரை போனால் பெரும்பாலும் தப்பிக்கலாம் என்பதை.

அவர் மகனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. ஜே.பி.எஸ். ஹால்டேன். பதின்மூன்று வயதிலேயே அப்பாவின் சோதனைக்காக, அளவு பொருந்தாத டைவிங் உடுப்பை மாட்டிக்கொண்டு ஸ்காட்லாந்துக் குளிர் கடலில் இறங்கியவர். 1939இல் தீட்டிஸ் என்ற நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கி 99 பேர் இறந்த பிறகு, அழுத்த அறைக்குள் தானே உட்கார்ந்து சோதனை செய்தார். ஒருமுறை வலிப்பு வந்து முதுகெலும்பு நொறுங்கியது. அப்பா ஆட்டை வைத்துப் பார்த்ததை மகன் தன்னை வைத்தே பார்த்தார். இந்த மனிதர்தான் 1957இல் மனைவி ஹெலன் ஸ்பர்வேயோடு இந்தியாவுக்கு வந்து கல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகத்தில் சேர்ந்து, இந்தியக் குடிமகனாகவே மாறி, 1964 டிசம்பர் 1 அன்று புவனேஸ்வரத்தில் காலமானார். உடலைக்கூட காக்கிநாடா மருத்துவக் கல்லூரிக்கு எழுதிவைத்துவிட்டார். நாம் எல்லோரும் அந்தப் பக்கம் பிளைட் ஏறிக்கொண்டிருக்க, அவர் மட்டும் இந்தப் பக்கம் வந்திருக்கிறார்.

பேரம் பேசிய எண்

ஹால்டேனுக்குப் பிறகு அமெரிக்கக் கடற்படை அட்டவணையை வளர்த்தெடுத்தது. 1957இல் வந்த அதன் அட்டவணையில் ஒரு வேடிக்கை உண்டு. மேலே வரும் வேகம் நிமிடத்துக்கு 60 அடி என்று போட்டார்கள். இந்த 60 எங்கிருந்து வந்தது? நீந்திப் போய் வேலை பார்க்கும் படையினர் நிமிடத்துக்கு 100 அடியாவது வேண்டும் என்றார்கள். கனமான ஹெல்மெட் உடுப்பு மாட்டியவர்கள் 25 அடிக்கு மேல் முடியாது என்றார்கள். பேசிப் பேசி நடுவில் 60க்கு வந்து நின்றார்கள். நொடிக்கு ஒரு அடி, ஞாபகம் வைத்துக்கொள்ளவும் சுலபம். உலகம் முழுக்க ஒரு தலைமுறை டைவர்கள் வேதவாக்காக எடுத்துக்கொண்ட எண், சந்தையில் பேரம் படிந்த மாதிரி வந்த எண்! 1990களில் அதே கடற்படை அதை 30 அடியாகக் குறைத்தது. இன்றைய கம்ப்யூட்டர்கள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 9, 10 மீட்டரைத் தாண்டினால் கத்த ஆரம்பித்துவிடும்.

இன்னொரு எண் பாருங்கள். 18 மீட்டர் ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்துவிட்டு இடையில் நிற்காமல் நேராக மேலே வரலாம்? அந்தப் பழைய கடற்படை அட்டவணை 60 நிமிடம் என்றது. 1988இல் பொழுதுபோக்கு டைவர்களுக்காக வந்த பாடி அட்டவணை 56 நிமிடம் என்றது. கடல் அதேதான், ஆளும் அதே ஆள்தான். அட்டவணை போட்டவர்கள் எவ்வளவு ஆபத்தை ஏற்றுக்கொண்டார்கள் என்பதில்தான் வித்தியாசம். கடற்படை அட்டவணை இருபது வயதுச் சிப்பாய்களுக்காக எழுதியது. உப்பு உறைப்பு பார்த்துச் சாப்பிடுகிற நாற்பத்தைந்து வயது ஐ.டி. ஆசாமிக்காக எழுதியது அல்ல.

அட்டவணையைக் கருவியாக்கும் ஆரம்பகால முயற்சிகளில் ஒன்று 1959இல் இத்தாலியில் வந்தது. ஒரு பைக்குள் வாயு, நுண்துளை உள்ள பீங்கான் துண்டு வழியாக அது மெதுவாக இன்னொரு அறைக்குக் கசியும். அந்தக் கசிவே உடம்பில் நைட்ரஜன் ஏறுவதற்கு உவமானம். முள் சிவப்புக்குப் போனால் மேலே வராதே. நல்ல யோசனைதான், ஆனால் ஒரு பீங்கான் துண்டு மாதிரி இன்னொன்று இருக்காதே! ஒரு கருவி ஒன்று சொல்லும், பக்கத்துக் கருவி வேறு சொல்லும். டைவர்கள் அதற்கு 'பெண்ட்-ஓ-மேட்டிக்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள்.

உண்மையான கம்ப்யூட்டர் 1983இல் வந்தது. அமெரிக்காவில் ஓர்கா நிறுவனத்தின் எட்ஜ், ஐரோப்பாவில் டெகோபிரெயின். எட்ஜில் பன்னிரண்டு தொட்டிகளும் திரையில் பட்டைகளாக ஏறி இறங்குவதைப் பார்க்கலாம். அதே காலத்தில் சூரிச்சில் ஆல்பர்ட் பூல்மன் என்ற மருத்துவர் 1959 முதல் செய்த ஆராய்ச்சியைப் புத்தகமாகப் போட்டார். ஐந்து தொட்டி பிறகு பதினாறு ஆயிற்று, மிக மெதுவான தொட்டி பாதி நிறைய 635 நிமிடம். இன்றைக்கு விற்கிற கம்ப்யூட்டர்களில் பலவற்றுக்குள் ஓடுவது பூல்மனின் கணக்குதான், மேலே கொஞ்சம் மெருகோடு. நூறு வருடத்துக்கு முந்தைய ஹால்டேனின் தொட்டி இன்னும் போகவில்லை.

கணக்குப்பிள்ளை என்று ஏன் சொன்னேன் என்று இப்போது புரிந்திருக்கும். அவரிடம் இரண்டு பேரேடுதான் இருக்கிறது. ஆழம் எவ்வளவு, நேரம் எவ்வளவு. இந்த இரண்டையும் நொடி தவறாமல் எழுதுவார், கூட்டல் கழித்தல் தப்பாது. ஆனால் முதலாளியின் முகத்தை அவர் பார்த்ததே இல்லை. நேற்று ராத்திரி தூங்கினீர்களா, காலையில் தண்ணீர் குடித்தீர்களா, கீழே நீரோட்டத்தோடு மல்லுக்கட்டினீர்களா, இதயத்தில் பிறவியிலேயே மூடாத சின்ன ஓட்டை இருக்கிறதா (நாலில் ஒருவருக்கு இருக்கும்) என்பதெல்லாம் பேரேட்டில் இல்லை. எல்லையைத் தாண்டாமல் வந்தும் பெண்ட்ஸ் வாங்கியவர்கள் உண்டு. அப்போது கம்ப்யூட்டர் பொய் சொல்லவில்லை. கேட்காத கேள்விக்கு அது பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

கணக்கே தப்பினால்?

சரி, கூட்டல் கழித்தலாவது எப்போதும் தப்பாதா? அதற்கும் ஒரு கதை இருக்கிறது. நைட்ராக்ஸ் என்று ஆக்ஸிஜன் கூட்டிய காற்று உண்டு. அதில் நைட்ரஜன் குறைவு, அதனால் கூடுதல் நேரம் கீழே இருக்கலாம். 1990களின் நடுவில் வந்த உவாடெக் நிறுவனத்தின் அலாடின் ஏர் எக்ஸ் நைட்ராக்ஸ் என்ற கம்ப்யூட்டரின் ஆரம்பகாலத் தயாரிப்புகளில் ஒரு பிழை. டைவ் முடிந்து படகில் உட்கார்ந்து சாதாரணக் காற்றைச் சுவாசிக்கும்போதும், இவர் இன்னும் நைட்ராக்ஸையே சுவாசிக்கிறார் என்று அது நினைத்துக்கொண்டது. அதனால் உடம்பிலிருந்து நைட்ரஜன் உண்மையைவிட வேகமாக வெளியேறியதாகக் கணக்கு எழுதியது. விளைவு, அடுத்த டைவில் அது கொடுக்கிற நேரம் நியாயமானதைவிட அதிகம். 2003இல்தான் அமெரிக்காவில் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தது.

என் தொழில்காரர்களுக்கு இந்தப் பிழை நன்றாகப் பரிச்சயமானது. ஒரு நிலையில் இருந்து இன்னொரு நிலைக்குப் போகும்போது ஒரு மதிப்பை மாற்றாமல் விட்டுவிடுவது. பார்த்தால் அற்பம். கருவி நிற்காது, கத்தாது, திரையில் அழகான எண் வரும். கண்டுபிடிக்க ஒரே வழி, 'இந்த எண் இவ்வளவு இருக்கக்கூடாதே' என்று உறைக்கிற அளவுக்காவது கணக்கு தெரிந்த ஒரு மனிதர்.

அகத்தியர் மலையில் ஒரு ஸ்காட்லாந்துக்காரர்

கருவியை எப்படி நம்புவது என்பதற்கு எங்கள் திருவனந்தபுரத்திலேயே ஒரு வாத்தியார் இருந்தார். சங்கீதத்தால் நமக்குத் தெரிந்த சுவாதித் திருநாள் மகாராஜாதான் 1837இல் அங்கே வானாய்வகத்தையும் அமைத்தவர். முதல் வானியலாளர் ஜான் கால்டிகாட். அவருக்குப் பின் 1852இல் வந்தவர் ஜான் ஆலன் பிரவுன், 1865 வரை இருந்தார். பூமியின் காந்தப்புலத்தை மணிக்கணக்காக, வருடக்கணக்காக அளந்தவர்.

பிரவுனுக்கு ஒரு கருவி கொடுக்கிற எண் என்பது முடிவு அல்ல, ஆரம்பம். வெயில் ஏறினால் காந்தத்தின் பலம் குறையும், அப்போது முள் நகர்ந்தது பூமியாலா, வெயிலாலா? இந்தக் கழிவை எப்படிக் கணக்கிடுவது என்று இங்கே வருவதற்கு முன்பே ஸ்காட்லாந்தில் மண்டையை உடைத்துக்கொண்டவர் அவர். திருவனந்தபுரத்தில் அளந்தது மட்டும் போதாது என்று, 1855இல் அகத்தியர் மலை உச்சியில், ஏறக்குறைய 6,200 அடி உயரத்தில், காட்டுக்குள் இன்னொரு ஆய்வகம் கட்டினார். ஒரே நேரத்தில் கீழே ஒரு அளவு, மேலே ஒரு அளவு. இரண்டும் சேர்ந்து நகர்ந்தால் அது இயற்கை. ஒன்று மட்டும் தனியாக நகர்ந்தால் முதலில் கருவியைச் சந்தேகப்படு. அந்த அளவுகள் 1874இல் பெரிய புத்தகமாகவே வந்தன.

டைவ் கம்ப்யூட்டருக்கும் இதே மருந்துதான். கூட வருகிறவர் கையிலும் ஒன்று இருக்கும். ஒரே ஆழத்தில் இரண்டும் ஒரே ஆழத்தைக் காட்டுகிறதா? ஒன்று இன்னும் 20 நிமிடம் என்கிறது, மற்றது 9 நிமிடம் என்கிறது என்றால் குறைந்ததை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் சேர்ந்து மேலே வாருங்கள். கூட வருகிற அந்த ஆள்தான் இந்தக் காலத்து மச்சான். கணக்குப்பிள்ளையை வேலைக்கு வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. மனிதன் தலையால் போடுகிற கணக்கைவிட அவர் கணக்கு நிச்சயம் மேல். ஆனால் கயிற்றை அவர் கையில் கொடுக்காதீர்கள்.

பிளைட்டும் பொன்முடியும்

இப்போது மருமகனின் கேள்விக்கு வருவோம். விமானத்துக்குள் இருக்கிற காற்றழுத்தம் தரையில் இருப்பது மாதிரி இல்லை. 8,000 அடி மலை உச்சியில் இருப்பது போலக்கூடக் குறையலாம். அதாவது பிளைட் ஏறுவது என்பது, கடலிலிருந்து மேலே வந்த பிறகும் இன்னும் மேலே வந்துகொண்டே இருப்பது. சோடா பாட்டிலை இன்னும் கொஞ்சம் திறப்பது. 2002இல் டான் என்கிற டைவர் பாதுகாப்பு அமைப்பு நடத்திய கூட்டத்தில் நிபுணர்கள் சொன்ன பரிந்துரை இது: ஒரே ஒரு சாதாரண டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் அல்லது பல நாள் என்றால் குறைந்தது 18 மணி நேரம், வழியில் நிறுத்தி நிறுத்தி வரவேண்டிய டைவ் என்றால் 18க்கும் நன்றாகவே மேல். பலர் எதற்கு வம்பு என்று 24 மணி நேரம் என்றே வைத்துக்கொள்கிறார்கள்.

வாட்சில் வருகிற பிளைட் படம்? சில மாடல்கள் கண்ணை மூடிக்கொண்டு 24 மணி நேரம் எண்ணும், சில 12 எண்ணும், சில தொட்டிக் கணக்குப் போட்டுச் சொல்லும். உங்களுடையது எந்த ரகம் என்பது கையேட்டில் இருக்கும். அதைப் படிக்காமல் படத்தை நம்பினால் அது கடல்கட்டிக்குக் கொடுத்த சம்பளம்தான். பையன் கையேட்டைப் படித்தான். டிக்கெட்டை மாற்றவில்லை, டைவை மூன்று நாள் முன்னால் தள்ளிக்கொண்டான்.

திருவனந்தபுரத்துக்கே உரிய இன்னொரு கண்ணி உண்டு, பொன்முடி. ஊரிலிருந்து 60 கிலோமீட்டர், 22 கொண்டை ஊசி வளைவு, சுமார் 1,100 மீட்டர் உயரம். காலையில் கோவளத்தில் டைவ், மத்தியானம் பொன்முடியில் மேகம் பார்ப்பது என்று பேக்கேஜ் போட்டுவிடுவார்கள். விமானம் மட்டும்தான் உயரம் என்று மனசு நினைக்கும், உடம்புக்கு அந்த வித்தியாசம் தெரியாது. டான் பரிந்துரைகள் 2,000 அடியிலிருந்தே பொருந்தும், பொன்முடி அதைத் தாண்டி மேலே இருக்கிறது. மூணாறு இன்னும் மேலே.

வாடகைக்கு எடுக்கிற கம்ப்யூட்டரிலும் ஒரு விஷயம். அது உங்களை நினைவில் வைத்திருப்பதில்லை, தான் போன டைவைத்தான் நினைவில் வைத்திருக்கும். காலையில் ஒன்றைக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டு மத்தியானம் வேறொன்றை வாங்கிக் கட்டினால், இந்த ஆள் இன்றைக்குத் தண்ணீரையே தொடவில்லை என்று அது நினைக்கும். ஒரு நாள் முழுக்க ஒரே கருவி, ஒரே கை. முந்தைய ஆள் நைட்ராக்ஸ் வைத்துவிட்டுப் போயிருக்கிறாரா என்று இறங்கும் முன் பாருங்கள். அருகில் அழுத்த அறை சிகிச்சை எங்கே கிடைக்கும் என்று டைவிங் சென்டரில் கேளுங்கள். பதில் சொல்லத் திணறினால் அவர்களோடு போகாமல் இருப்பது உத்தமம். மேலே வந்த பிறகு மூட்டில் வலி, மரமரப்பு, தலைசுற்றல், காரணமில்லாத அசதி என்று எது வந்தாலும், கம்ப்யூட்டர் எல்லாம் பச்சை என்று காட்டினாலும், உடனே சொல்லுங்கள். உடம்பு சொல்வதுதான் முதல் கணக்கு.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலத்தில் கோவளக் கடல் கொந்தளிக்கும், அப்போது இதெல்லாம் நடக்காது. டிசம்பரில் போகிறவர்கள் பயணத்திட்டத்தில் பொன்முடியை முதலில் வையுங்கள், அடுத்து கோவளம். கடைசி ஒன்றிரண்டு நாளைச் சாலைக் கடைத்தெருவில் ஏத்தங்காய் சிப்ஸ் வாங்கவும், சொந்தக்காரர் வீடுகளில் சாப்பிட்டு முடிக்கவும் விட்டுவிடுங்கள். அதற்கே நேரம் போதாது.